கால்குலேட்டர் இல்லாத 25 கேள்விகள்: குரூப் 4 கணக்கை வேகமாகப் போட ஒரு வழிகாட்டி

"அக்கா, ஃபார்முலா எல்லாம் தெரியும். டைம்தான் பத்த மாட்டேங்குது."

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எங்கள் ஊர் நூலகத்தில் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். சில மாதங்களுக்கு முன் இப்படிச் சொன்ன ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எப்படிக் கணக்குப் போடுகிறாள் என்று பேசாமல் பார்த்தேன். கேள்வி இதுதான்: ரூ.8,000 அசலுக்கு ஆண்டுக்கு 12½ விழுக்காடு வீதம் 3 ஆண்டுக்குத் தனிவட்டி எவ்வளவு?

பி.என்.ஆர் பை 100 என்று எழுதினாள். 8,000 × 3 = 24,000. அதை 12.5 ஆல் பெருக்க மூன்று வரி எழுதினாள். புள்ளி எங்கே வைப்பது என்று ஒரு சந்தேகம், அடித்துவிட்டு மறுபடி போட்டாள். கடைசியில் 3,00,000 வந்தது. அதை 100 ஆல் வகுத்து 3,000 என்று வட்டமிட்டாள். விடை சரிதான். ஆனால் இரண்டு நிமிடம் போய்விட்டது.

12½ விழுக்காடு என்றால் எட்டில் ஒரு பங்கு. 8,000-த்தில் எட்டில் ஒரு பங்கு 1,000. மூன்று வருஷத்துக்கு 3,000. பேனாவை எடுக்கவே வேண்டாம்.

அந்தப் பெண்ணின் கை நன்றாகவே ஓடியது. தேவையில்லாத ஒரு பெருக்கலைத்தான் வேகமாகச் செய்துகொண்டிருந்தாள். நேரம் பத்தவில்லை என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். எந்தக் கணக்கைப் போடாமலே விடலாம் என்று கண்டுபிடிக்கப் பழகினால் போதும், மீதி தானாக வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதை எந்த வரிசையில் பழகலாம் என்று எழுதுகிறேன்.

நேரம் எவ்வளவு இருக்கிறது?

குரூப் 4-இல் 200 கேள்விகள், 3 மணி நேரம், 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவும் கணக்கும் 25. சராசரியாகப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே நேரம் ஆகாது. தமிழுக்குக் கேள்விக்கு அரை நிமிடம் வைத்தால் 50 நிமிடம். பொது அறிவுக்கு 40 விநாடி வைத்தால் அதுவும் 50 நிமிடம். மிச்சம் 80 நிமிடம். அதில் 25 கணக்குக்கு 50 நிமிடம் ஒதுக்கினால் ஒன்றுக்கு 2 நிமிடம் கிடைக்கும். அதற்கு மேலும் அரை மணி நேரம் கையில் நிற்கும்.

ஆக, 30 விநாடியில் எல்லாவற்றையும் முடிக்கும் மந்திரம் யாருக்கும் தேவையில்லை. பாதிக் கேள்விகளை முக்கால் நிமிடத்தில் முடித்தால், மீதிப் பாதிக்கு மூன்று நிமிடம் வரைகூடக் கொடுக்கலாம். இது தெரிந்தாலே பதற்றம் கொஞ்சம் இறங்கும். வங்கித் தேர்வு எழுதுபவர்களுக்கு நேரம் இதைவிட நெருக்கடியாக இருக்கும். ஆனால் பழகவேண்டிய முறை அவர்களுக்கும் இதேதான்.

மனப்பாடம் செய்யவேண்டியவை

மனப்பாடமே வேண்டாம், புரிந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நேரம் வைத்து நடத்தும் தேர்வுக்கு அது சரிப்படாது. 17 × 6 என்று கேட்டதும் 102 நாக்கில் வரவேண்டும். அங்கே யோசித்தால் கேள்வி எங்கே போகிறது என்பதை மறந்துவிடுவோம்.

20 வரை வாய்ப்பாடு. 30 வரை வர்க்கம். 15 வரை கனம். 100-க்குள் இருக்கும் 25 பகா எண்கள். இவ்வளவு போதும். வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுவும் வரிசை மாற்றிச் சொல்லுங்கள். "ஓர் பதினேழு பதினேழு" என்று மேலிருந்து ஓடிவந்தால்தான் 17 × 8 வரும் என்ற நிலை இருந்தால், அது இன்னும் மனப்பாடம் ஆகவில்லை என்று அர்த்தம். வீட்டில் யாரையாவது நடுவில் நடுவில் கேட்கச் சொல்லுங்கள்.

விழுக்காட்டைப் பின்னமாகப் பாருங்கள்

எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

நம் ஊர்ப் பெரியவர்கள் ஒரு வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்பதற்கு "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்பார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு. அதோடு மூன்று வீசம் சேர்த்தால் பதினாறில் பதினைந்து. விழுக்காட்டில் சொன்னால் 93¾. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியில் இந்தப் பின்னங்களைத்தான் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். அரைக்கால் எட்டில் ஒன்று, அதாவது 12½ விழுக்காடு. மா என்பது இருபதில் ஒன்று, 5 விழுக்காடு. இருமா பத்தில் ஒன்று, நாலுமா ஐந்தில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று, 1¼ விழுக்காடு. தேர்வில் 12½, 6¼, 37½ என்று அச்சடித்து வரும்போது பயமாக இருக்கும். அரைக்கால், வீசம், மூன்று அரைக்கால் என்று பாருங்கள், அதே எண் சாதுவாகிவிடும்.

இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்:

1/3 = 33⅓
1/6 = 16⅔
1/7 = 14 2/7
1/8 = 12½
1/9 = 11 1/9
1/11 = 9 1/11
1/12 = 8⅓
1/16 = 6¼

அரை, கால், ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று எல்லாம் உங்களுக்கே தெரியும். 2/3, 3/8, 5/8, 7/8, 5/6 ஆகியவற்றை மேலே உள்ளதிலிருந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீங்களே கண்டுபிடித்தது மறக்காது.

இனி ஒரு கேள்வி. ஒரு பொருளை ரூ.840-க்கு விற்றதில் 16⅔ விழுக்காடு லாபம். அடக்க விலை என்ன? 16⅔ என்றால் ஆறில் ஒன்று. அடக்க விலை 6 பங்கு, லாபம் 1 பங்கு, விற்ற விலை 7 பங்கு. 840-ஐ 7 ஆல் வகுத்தால் 120. ஆறு பங்கு 720. இதையே 100/(100 + 16⅔) என்று தொடங்கினால் எவ்வளவு எழுதவேண்டியிருக்கும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பின்னமாக அழகாக மாறாத விழுக்காடும் வரும். அப்போது 10 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 240-இல் 35 விழுக்காடு வேண்டுமா? பத்து விழுக்காடு 24, முப்பது 72, ஐந்து 12. மொத்தம் 84. இன்னொன்று, 75-இல் 36 விழுக்காடும் 36-இல் 75 விழுக்காடும் ஒன்றே. முதலாவதைப் பார்த்தால் பெருக்கத் தோன்றும். இரண்டாவது வெறும் முக்கால், 27. எண்களைத் திருப்பிப் போட்டால் எளிதாகுமா என்று எப்போதும் ஒரு நொடி பாருங்கள்.

தொடர்ச்சியாக இரண்டு மாற்றம் வந்தால் இரண்டையும் கூட்டி, அவற்றின் பெருக்கலில் நூறில் ஒரு பங்கைச் சேர்க்கவேண்டும். இறக்கமும் தள்ளுபடியும் கழித்தல் குறியோடு வரும். விலை 20 விழுக்காடு ஏறி 20 விழுக்காடு இறங்கினால் 20 − 20 − 4, அதாவது 4 விழுக்காடு நட்டம். 10, 20 என்று இரண்டு தள்ளுபடி என்றால் −10 − 20 + 2 = −28, அதாவது மொத்தத் தள்ளுபடி 28. கூட்டு வட்டியும் இதே கதைதான். 10 விழுக்காட்டில் இரண்டு வருஷம் என்றால் 10 + 10 + 1 = 21 விழுக்காடு. 5 விழுக்காட்டில் 10¼. தனிவட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் இரண்டு வருஷத்தில் வரும் வித்தியாசம் அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான். ரூ.8,000-க்கு 5 விழுக்காட்டில் வித்தியாசம் கேட்டால், அது முதல் வருஷ வட்டிக்கு வட்டி. 400-க்கு 5 விழுக்காடு, 20 ரூபாய்.

வட்டியில் ஒரு எச்சரிக்கை. ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. கேள்வியில் மாதமா ஆண்டா என்ற சொல்லின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கவேண்டும். வேகமாகப் போடுபவர்கள் விழும் குழி இது.

கூட்டலும் கழித்தலும்

பள்ளியில் வலமிருந்து இடமாகக் கூட்டச் சொல்லித் தந்தார்கள். தாளில் அது சரி. மனதில் கூட்டும்போது இடமிருந்து போங்கள். 478 + 365: எழுநூறு, அப்புறம் எழுபதும் அறுபதும் நூற்று முப்பது, ஆக எண்ணூற்று முப்பது. எட்டும் ஐந்தும் பதின்மூன்று. 843. பெரிய இலக்கம் முதலில் வந்துவிடுவதால், பல சமயம் பாதியிலேயே சரியான விடை எது என்று தெரிந்துவிடும்.

கழித்தலை மளிகைக் கடை அண்ணாச்சியிடம்தான் கற்றுக்கொள்ளவேண்டும். 637 ரூபாய்க்குச் சாமான் வாங்கி ஆயிரம் கொடுத்தால் அவர் கடன் வாங்கிக் கழிக்கமாட்டார். மூன்று வைத்தால் 640, அறுபது வைத்தால் 700, முந்நூறு வைத்தால் ஆயிரம். 363. குறைவதைக் கூட்டிக்கொண்டே போவதுதான் அவர் முறை. தேர்விலும் அதையே செய்யுங்கள்.

பெருக்கல்

குறுக்குவழி என்று நூறு தந்திரங்களைச் சொல்லித் தரும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. நூறையும் படித்தால் தேர்வறையில் எதை எடுப்பது என்றே தெரியாது. நான் ஐந்தை மட்டும் சொல்லித் தருகிறேன்.

ஒன்று, 5 ஆல் பெருக்குவதற்குப் பதில் பத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். 25 என்றால் நூறால் பெருக்கிக் காலாக்குங்கள். 125 என்றால் ஆயிரத்தால் பெருக்கி எட்டால் வகுங்கள். 375 × 24 பார்க்க மோசமாக இருக்கும். 375 என்பது ஆயிரத்தில் எட்டில் மூன்று பங்கு. 24-இல் எட்டில் மூன்று பங்கு 9. விடை 9,000.

இரண்டு, ஒன்றைப் பாதியாக்கி இன்னொன்றை இரட்டியுங்கள். 35 × 18 என்பது 70 × 9, 630. 16 × 45 என்பது 8 × 90, 720.

மூன்று, 5-இல் முடியும் எண்ணின் வர்க்கம். 65-க்கு 6-ஐ அடுத்த எண் 7 ஆல் பெருக்கி 42, பக்கத்தில் 25. விடை 4,225.

நான்கு, ஒரு முழு எண்ணிலிருந்து சம தூரத்தில் இருக்கும் இரண்டு எண்கள். 48 × 52 என்பது 50-இன் வர்க்கத்தில் 4 குறைவு, 2,496. 30 வரை வர்க்கம் தெரிந்திருந்தால் இது நிறைய இடத்தில் உதவும்.

ஐந்து, நூறுக்குக் கொஞ்சம் குறைந்த எண்கள். 96 × 93: குறைவது 4, 7. இரண்டையும் நூறிலிருந்து கழித்தால் 89. நான்கேழு 28. விடை 8,928. குறைகளின் பெருக்கல் ஒற்றை இலக்கமாக வந்தால் முன்னால் 0 போட மறக்காதீர்கள். 98 × 97 என்பது 9,506, 956 இல்லை.

இவை எதிலும் அடங்காத பெருக்கல் வந்தால் பிரித்துப் பெருக்குங்கள், 47 × 23 என்றால் 940 + 141. அதற்கு மேல் போனால் விடைகளைப் பாருங்கள்.

நான்கு விடையையும் முதலில் படியுங்கள்

கேள்வியைப் படித்ததும் கணக்கில் இறங்குவது நம் பழக்கம். கொள்குறித் தேர்வில் விடை ஏற்கெனவே தாளில் இருக்கிறது. நாம் அதை உருவாக்கவேண்டியதில்லை, அடையாளம் கண்டால் போதும்.

347 × 268 = ? (அ) 92,896 (ஆ) 92,996 (இ) 93,096 (ஈ) 92,994

ஏழெட்டு ஐம்பத்தாறு, எனவே விடை 6-இல் முடியவேண்டும். (ஈ) போயிற்று. அடுத்து இலக்கக் கூட்டல். 3 + 4 + 7 = 14, அதைக் கூட்டினால் 5. 2 + 6 + 8 = 16, அது 7. ஐயேழு 35, கூட்டினால் 8. விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் 8 வரவேண்டும். (அ) 34, அதாவது 7. (இ) 27, அதாவது 9. (ஆ) 35, அதாவது 8. முடிந்தது.

இலக்கக் கூட்டலில் ஒரு குறை உண்டு. இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் அது கண்டுபிடிக்காது. 92,996-க்கும் 99,296-க்கும் கூட்டல் ஒன்றுதான். அதனால் தோராயமாகவும் ஒருமுறை பாருங்கள். 350 × 270 = 94,500, விடை அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும். கடைசி இலக்கம், இலக்கக் கூட்டல், தோராயம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஏமாற வாய்ப்பு மிகக் குறைவு.

வர்க்கமூலமும் இப்படித்தான். √7056: கடைசி இலக்கம் 6, எனவே மூலம் 4-இலோ 6-இலோ முடியும். 70 என்பது 64-க்கும் 81-க்கும் நடுவில், எனவே எண்பதுகளில் ஒன்று. 84-ஆ 86-ஆ? 85-இன் வர்க்கம் 7,225. நம் எண் அதைவிடச் சிறியது, எனவே 84. கனமூலம் இன்னும் எளிது. 17,576 முழுக் கனம் என்று தெரிந்தால், 6-இல் முடிவதால் மூலமும் 6-இல் முடியும். ஆயிரத்துக்கு மேலே நிற்கும் 17 என்பது 8-க்கும் 27-க்கும் நடுவில், எனவே முன் இலக்கம் 2. விடை 26.

அடிக்கடி வரும் பாடங்களுக்குச் சில குறிப்புகள்

காலமும் வேலையும் பாடத்தில் பின்னம் எழுதவே எழுதாதீர்கள். ஒருவர் 20 நாளில், இன்னொருவர் 30 நாளில் முடிப்பார் என்றால் மொத்த வேலையை 60 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், 20-க்கும் 30-க்கும் பொது மடங்கு அது. முதலாமவர் நாளுக்கு 3 மூட்டை, மற்றவர் 2. சேர்ந்தால் 5. அறுபதுக்கு 12 நாள். நடுவில் ஒருவர் விலகினாலும், மூன்றாவது ஆள் சேர்ந்தாலும் மூட்டையை எண்ணிக்கொண்டே போகலாம்.

மீச்சிறு பொது மடங்குக்குப் பெரிய எண்ணின் வாய்ப்பாட்டைச் சொல்லுங்கள். மணிகள் 12, 15, 18 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கின்றன என்றால், 18, 36, 54, 72, 90. தொண்ணூறில் 15 போகும், 12 போகாது. இரட்டித்தால் 180, எல்லாம் போகும். 3 மணி நேரம்.

வட்டம், உருளைக் கணக்குகளில் π-க்கு 22/7 என்று வருவதால் ஆரம் பெரும்பாலும் 7-இன் மடங்காகவே இருக்கும். ஆரம் 7 என்றால் பரப்பு 154, 14 என்றால் 616, 21 என்றால் 1,386. சுற்றளவு 44, 88, 132. இந்த ஆறு எண்ணும் தெரிந்தால் போதும். வேகத்தில், மணிக்குக் கி.மீ.-ஐ விநாடிக்கு மீட்டராக்க 18 ஆல் வகுத்து 5 ஆல் பெருக்குங்கள். 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25.

தினமும் எப்படிப் பழகுவது?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 20 நிமிடம் நல்லது. முதல் வாரம் வாய்ப்பாடும் வர்க்கமும் மட்டும். இரண்டாம் வாரம் பின்னப் பட்டியல். மூன்றாம் வாரத்திலிருந்து பழைய வினாத்தாளில் 10 கணக்கு, அலைபேசியில் 20 நிமிடம் வைத்து. மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள். முடிக்காத கணக்கை அப்புறம் நேரம் பார்க்காமல் போடுங்கள். நேரம் வைக்காமல் எத்தனை சரி, வைத்தால் எத்தனை சரி என்று இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். இரண்டுமே குறைவாக இருந்தால் பாடம் புரியவில்லை, அங்கே குறுக்குவழி உதவாது, அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்கவேண்டும்.

தவறுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். அதில் கணக்கை எழுதவேண்டாம், தவறு எங்கே நடந்தது என்று மட்டும் ஒரு வரி. நான் முதலில் சொன்ன பெண்ணின் நோட்டில் மூன்று வாரத்தில் 31 வரிகள் சேர்ந்தன. அதில் 14, கேள்வியைச் சரியாகப் படிக்காதது: "லாபம் எவ்வளவு" என்று கேட்டால் விற்ற விலையைக் குறித்திருந்தாள். பெருக்கலில் தவறு ஐந்தே ஐந்து. அதைப் பார்த்த பிறகு, கேள்வியின் கடைசி வரியை முதலில் படிக்கத் தொடங்கினாள்.

வெளியே போகும்போதும் பழகலாம். கடையில் பில் வருமுன் நீங்கள் கூட்டிப் பாருங்கள். பஸ் டிக்கெட்டின் எண்ணைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குங்கள். தேர்வு முடியும்வரை அலைபேசியின் கால்குலேட்டரைத் திறப்பதில்லை என்று முடிவு எடுத்துவிடுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

தேர்வறையில்

தமிழை முதலில் முடித்துவிட்டு, மனம் களைக்கும் முன் கணக்குக்கு வாருங்கள், பொது அறிவைக் கடைசியில் வையுங்கள் என்பது என் கருத்து. பொது அறிவு தெரியும் அல்லது தெரியாது, களைப்பு அதைப் பெரிதாகப் பாதிக்காது. கணக்கை அது பாதிக்கும்.

25 கேள்விகளையும் இரண்டு சுற்றாகப் போடுங்கள். முதல் சுற்றில் படித்ததும் வழி தெரிபவை மட்டும். 20 விநாடியில் வழி தெரியவில்லை என்றால் வினா எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். அடுத்த கேள்விக்குப் போகும்போது விடைத்தாளிலும் வரிசை எண் தாண்டுகிறது என்பதை மறக்கக்கூடாது. ஒரு வட்டம் இடம் மாறினால் பின்னால் வரும் எல்லாம் மாறிவிடும். ஐந்து கேள்விக்கு ஒருமுறை வினா எண்ணையும் விடைத்தாள் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

இரண்டாம் சுற்றில் வட்டமிட்டவற்றுக்கு வாருங்கள். மூன்று நிமிடம் தாண்டினால் கடைசி இலக்கம், தோராயம் ஆகியவற்றை வைத்து இரண்டு விடைகளையாவது தள்ளிவிட்டு, மீதியில் ஒன்றைக் குறியுங்கள். குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. வங்கித் தேர்வு என்றால் தவறுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போகும். அங்கே இரண்டைத் தள்ளிவிட முடிந்தால் குறியுங்கள், ஒன்றையும் தள்ளமுடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வினாத்தொகுப்பின் காலியிடத்தில் எழுதும்போது ஒவ்வொரு கணக்குக்கும் வினா எண்ணைப் பக்கத்தில் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் திரும்பி வரும்போது பாதியில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.